அம்மாவின் அறைக்கு வந்த விருந்தாளி

பக்கவாதத்தில் அம்மாவுக்கு ஒரு பக்கம் செயலிழந்த பிறகு, பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள அடையாற்றங்கரையிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். எனக்குக் கோபாலபுரத்தில் பள்ளிக்கூட வேலை. மயிலாப்பூர் வீட்டில் சாயங்காலம்வரை அவர்கள் இருவர்தான்.

அந்த வருஷம் பங்குனியிலேயே வெயில் கொளுத்த ஆரம்பித்துவிட்டது. ஒரு மத்தியானம் நான் சீக்கிரம் திரும்பியபோது அவள் போனில் யாரிடமோ, துணியை நனைத்து நெற்றியில் போடச் சொல்லிக்கொண்டிருந்தாள். விசாரித்தேன். அவளுடைய அம்மாவுக்கு இதயம் பலவீனமாம். தகர ஷீட் போட்ட ஒற்றை அறையில் தனியாகக் கிடக்கிறார். பக்கத்து வீட்டுக்காரிதான் அவ்வப்போது எட்டிப் பார்க்கிறாள்.

"ஃபேனப் போட்டா அனல்தான்க்கா வருது. இங்க ஏசில குந்திகினு மாமிக்குக் கால் புடிச்சி உடறேன், மனசு பூரா அங்கதான் கீது."

கட்டிலிலிருந்து அம்மாவின் குழறலான குரல் வந்தது. "அவளையும் அழைச்சுண்டு வந்துடு. இந்த ரூம்ல எடமா இல்ல?"

மறுநாளே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் ஆட்டோவிலிருந்து இறங்கினார். பல வருஷம் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்றவர். முதல் இரண்டு நாள் நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தார். முட்டைகூடத் தொடாத அம்மா, அவரிடம் மீன் குழம்பு வைக்கும் விதத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததை ஒருநாள் வாசலில் நின்று கேட்டேன்.

"புளி கொதிச்சப்புறமா மீனப் போடுவேள்?"

"ஆமா மாமி. போட்டப்புறம் கிண்டக் கூடாது, ஒடஞ்சிரும்."

ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அவர்கள் மூவரும் பேசிச் சிரித்த அந்த மத்தியானங்களை நினைத்தால் இன்றும் மனசு நிறைகிறது. நோய் வந்த பிறகு அம்மா அவ்வளவு பேசியது அந்தக் கோடையில்தான்.

ஐப்பசி மழையில் ஆறு அவர்கள் வீட்டுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்ததும் அந்த வரிசையையே இடித்து, எல்லோரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் இரண்டு பஸ் மாறிச் சில வாரம் வந்து பார்த்தாள். அவ்வளவு நேரம் தன் அம்மாவை விட்டுவிட்டு இருக்க முடியவில்லை என்று சொல்லி வேலையிலிருந்து நின்றுகொண்டாள். போகாதே என்று எந்த வாயால் சொல்வது? எங்களுக்கு வேறொருத்தி கிடைத்தாள். அந்த அம்மாளுக்கு இப்படியொரு அறை கிடைக்கவில்லை.

அடுத்த சித்திரையில் அவள் போன் செய்தாள். அவளுடைய அம்மா போய்விட்டார். மேல் மாடி, நல்ல உச்சி வெயில். நான் தயங்கித் தயங்கி அம்மாவிடம் சொன்னேன்.

"அங்க ஃபேனாவது இருந்துதோ?"

"இருந்துதும்மா. கரண்ட்தான் இல்லையாம்."

அம்மா அந்தப் பெண்ணைப் போனில் கூப்பிடச் சொன்னாள். இருவரும் அழுதார்கள். நான் போனை அம்மாவின் காதோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.