அவிழ்க்க ஒரு ஆள், பிடிக்க ஒரு ஆள்

இறால் குஞ்சுகளுக்கு வெண்புள்ளி நோய் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் தொழில். இல்லை என்றால் குஞ்சு நல்லது, இருக்கிறது என்றால் நான் கெட்டவள். பரிசோதனைக் கூடங்களில் காலம் தள்ளும் உங்களுக்கு இது புதிதல்ல.

சூடு

கல்பிட்டிப் பண்ணைக்காரர் ரவூப் நானா இரண்டு தடவை வெண்புள்ளியால் குளத்தையே இழந்தவர். மூன்றாம் முறை விடப்போகும் குஞ்சுகளில் கொஞ்சத்தைக் கொண்டுவந்து, உள்ளே என்னதான் செய்கிறீர்கள் என்றார். டி.என்.ஏ இரண்டு புரி முறுக்கிய கயிறு மாதிரி என்றேன். இறாலின் உயிரணுவுக்குள் ஒரு புரதம் முறுக்கை அவிழ்த்துக்கொண்டே போகும். பிரிந்த புரிகள் திரும்ப ஒட்டாமல் வேறு புரதங்கள் பிடித்துக்கொள்ளும். அப்போதுதான் நகல் எடுக்கலாம். நாங்கள் கிருமியின் டி.என்.ஏ.யைத் தேட, குழாயில் போட்டுச் சூடாக்கியே பிரிக்கிறோம். நானா தலையாட்டினார்.

"அவிழ்க்க ஒரு ஆள், பிடிக்க ஒரு ஆள். உங்களுக்கு ஆளில்லாமத்தான் அடுப்புல வைக்கிறீங்க, என்ன?"

நன்றிக்கு வந்த இறால்

அன்றே இன்னொருவர், அறுவடை நன்றாக வந்த சந்தோஷத்தில் ஒரு பை இறால் தந்துவிட்டுப் போனார். எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மதியக் கறிக்காக, குழாய்களை நிரப்பும் மேசையிலேயே உரித்தேன். சவர்க்காரம் போட்டுத்தான் கழுவினேன்.

பின்னேரம் ரவூப் நானாவின் குஞ்சில் வெண்புள்ளி! எனக்கு அழுகையே வந்துவிட்டது. குஞ்சைக் கொட்டச் சொல்ல போனை எடுத்தேன். கூட வேலை செய்யும், தலவில ஊர்க்காரி மேர்லின் அதைப் பிடுங்கி, கடைசிக் குழாயைக் காட்டினாள். ஒவ்வொரு தடவையும் சரிபார்க்க, குஞ்சுக்குப் பதில் வெறும் தண்ணீர் விட்டு வைக்கும் குழாய் அது. அதிலும் வெண்புள்ளி.

"தண்ணிக்கு நோய் வருமா ரிஸ்னா? நல்லா வளர்ந்த இறாலிலயும் கிருமி ஒளிஞ்சிருக்கும். மேசையில இறால் உரிச்சது ஆரு?"

மறுநாள்

குளோரினால் எல்லாம் துடைத்து, புதுக் குழாய்களில், மிச்சமிருந்த குஞ்சுகளை மறுபடி பார்த்தோம். தண்ணீரும் சுத்தம், குஞ்சும் சுத்தம். நானாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். நல்ல குஞ்சைக் கொட்டவைத்திருப்பேனே என்றேன். ஏச்சுக்குக் காத்து நின்றேன். அவர் சிரித்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்! நீங்க விட்டத அந்தப் பிள்ள பிடிச்சிருக்கு. என்ட அறுவடைக்கு இறால் கொண்டு வரமாட்டன் தங்கச்சி, மீன் கொண்டு வாறன்."

இறாலுக்குப் பிடித்துக்கொள்ள எத்தனையோ புரதங்கள், எனக்கு ஒரு மேர்லினும் ஒரு குழாய்த் தண்ணீரும். இருவருக்கும் நன்றி சொல்லி, கறி வேலையை வீட்டோடு நிறுத்திக்கொண்டேன்.