காரணம் கேட்ட வள்ளிமயில் மதினி

கல்லலில் மகள் வீட்டில் நெல் அவித்துக்கொண்டிருந்தபோது ஆள் வந்து சொன்னான்: "ஆத்தா, வாத்தியாரம்மா போயிட்டாக." யார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெயர் சொல்லாமல் வாத்தியாரம்மா என்றால் என் மதினி வள்ளிமயில் ஒருவர்தான்.

அவர்கள் என் வீட்டுக்காரரின் அக்காள். சிறு வயதிலேயே தாலியை இழந்து, மதுரையில் படித்து, காரைக்குடியில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் நாலு எழுத்துப் படித்ததோடு சரி. அவர்களுக்குச் சோறு கட்டிக்கொடுப்பது என் வேலை. அக்காள் வந்தால் என் வீட்டுக்காரர் எழுந்து நிற்பார். நான் குழம்புச் சட்டியோடு வந்தால் நீட்டிய காலை மடக்கக்கூட மாட்டார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை என்பது வெற்றிலையில் இருந்தது. விஜயதசமியன்று முதலாளி ஒவ்வொருவருக்கும் தாம்பூலத் தட்டு நீட்டுவார். வாங்கியவர்களுக்கு அடுத்த விஜயதசமிவரை வேலை. தட்டு வராதவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஏன் என்று கேட்கிற வழக்கமே இல்லை. ஒரு வருஷம் தையல் சொல்லிக்கொடுத்த மரியம்மாளுக்குத் தட்டு வரவில்லை. மதினி தன் தட்டைத் திருப்பி வைத்துவிட்டார்கள்.

"அவுகளுக்கு ஏன் இல்லைன்னு சொல்லுங்க. வாங்கிக்கிறேன்."

"சொல்லணுமாக்கும்? எம் பள்ளிக்கூடம்" என்றாராம் முதலாளி.

மதினி வேலையில்லாமல் வீட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு அது திருவிழாவாக இருந்தது. ஆட்டுக்கல் முன்னால் உட்காரவைத்தேன். மாவில் பாதி தரையில் கிடந்தது.

"பள்ளிக்கூடத்துல இதெல்லாம் சொல்லித் தரலையா மதினி?"

"தரல தாயி. நீ சொல்லிக் குடு" என்று சிரித்தார்கள். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும்.

என் சந்தோஷம் நீடிக்கவில்லை. வாத்தியாரம்மா இல்லாத பள்ளிக்கூடம் எதற்கு என்று முதலாளியின் மனைவி ஆச்சியே தன் மகள்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் நிறுத்திவிட்டார்கள். மற்ற வீடுகளும் நிறுத்தின. கார்த்திகை பிறக்குமுன் முதலாளி இரண்டு தட்டோடு எங்கள் வாசலுக்கு வந்தார். இனி யாரை வேலையிலிருந்து நிறுத்தினாலும் மூன்று மாதம் முன்னதாகச் சொல்லி, காரணமும் எழுத்தில் தருவதாகக் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. இரண்டும் பெண்ணாகப் பெற்றேன் என்று என் மாமியார் அப்போது தன் மகனுக்கு இரண்டாம் தாரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி போனதும் வெடித்தேன்.

"வாத்தியாரம்மாவை அனுப்ப மூணு மாசம் வேணும். என்னைய அனுப்ப ஒரு சொல்லு போதும். எனக்கு யாரு எழுதிக் குடுப்பா?"

மதினி தம்பியைக் கூப்பிட்டார்கள். "டேய், இவள அனுப்பணும்னா எங்கிட்டக் காரணம் சொல்லிட்டு அனுப்பு. பொம்பளப் புள்ளையா பெத்தான்னு மட்டும் சொல்லாத. நானும் இந்த வீட்டுப் பொம்பளப் புள்ளதான்."

இரண்டாம் தாரப் பேச்சு அன்றோடு நின்றது. நான் அழுது அழுது நடக்காதது அவர்கள் ஒரு வாக்கில் நடந்தது. என் வீட்டில் நான் நிலைத்ததே அவர்கள் தயவால் என்றால் எப்படிப் பொறுக்கும்? இன்றும் பொறுக்கவில்லை.

காரைக்குடி போய்ச் சேர்ந்தபோது தெரு முழுக்க வாத்தியாரம்மாக்கள் நின்றார்கள். பாடையைச் சுற்றி வந்து நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளை இல்லையே என்று யாரோ முணுமுணுத்தார்கள். மதினியிடம் இல்லாமல் என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். என் பேரன் பேத்திகளைக் கூப்பிட்டு நிறுத்தி, என் கையாலேயே பந்தங்களைக் கொளுத்திக் கொடுத்தேன்.

"இவுக நமக்கு யாரு, அம்மாச்சி?" என்றாள் கடைக்குட்டி.

"பேசாம சுத்தி வாடி" என்றேன்.

போய் வாருங்கள், மதினி. உங்களைச் சுற்றி வந்தவர்கள் என் பிள்ளைகள் பெற்ற பிள்ளைகள். அது நான் கொடுத்தது. ஞாபகம் இருக்கட்டும்.