தானாகத் தூக்கிய கை

இறுதியாண்டில் எல்லோரும் ஆளுக்கொரு ஸ்டாப் மோஷன் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். பொருளை ஒரு நூலளவு நகர்த்தி ஒரு படம், இன்னொரு நூலளவு நகர்த்தி இன்னொரு படம். ஒரு நொடி ஓடுவதற்கு இப்படிப் பன்னிரண்டு வேண்டும். என் வகுப்பில் களிமண் யானை, கம்பளி நூல் பூனை, காகித மழை என்று ஆரம்பித்துவிட்டார்கள். நான் அப்பாவின் வலது கையை எடுப்பதாக எழுதிக் கொடுத்தேன். பெரிய கலைத் தாகமெல்லாம் இல்லை. வீட்டில் அசையாமல் கிடந்தது அதுதான்.

அப்பா அத்திபெலேயில் ஒரு தொழிற்சாலைக்கு வேன் ஓட்டியவர். ஒரு காலையில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் மெல்லத் திரும்பியது. பேச்சு அதைவிடச் சீக்கிரம், வசவுகளோடு சேர்ந்தே திரும்பியது. கை மட்டும் மடியில் கிடந்தது. தினமும் யாராவது பிடித்து அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் மூட்டு இறுகிவிடும், பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை என்று பயிற்சி கொடுக்க வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அப்பா கையைத் தொடவே விடவில்லை. அம்மா எண்ணெயோடு வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

அம்மா அடுகோடியில் பிறந்து வளர்ந்தவள். அவள் வீட்டுத் தமிழில் கன்னடம் கேட்காமலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். தொடுவதை அவர்கள் முட்டுவது என்பார்கள். அப்பா திருப்பத்தூர்ப் பக்கம். அங்கே முட்டுவதெல்லாம் ஆடும் மாடும்தான்.

"கைய முட்டட்டுமா?" என்று அம்மா கேட்பாள்.

"முட்றதுக்கு நீ இன்னா கெடாவா?" என்பார் அப்பா.

கல்யாணமான நாளிலிருந்து இதே கேலிதான். முன்பெல்லாம் சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். இப்போது சிரிப்பை விட்டுவிட்டார், மறுப்பை மட்டும் வைத்துக்கொண்டார்.

நான் அவரிடம் நேராகவே கேட்டேன். "காலேஜ் படத்துக்கு உங்க கை வேணும்ப்பா."

"இத வெச்சி இன்னா படம் எடுப்ப?"

"டம்ளர் தூக்குற மாதிரி."

"அது தூக்காதுடி."

"அம்மா கொஞ்சம் கொஞ்சமா தூக்கிப் பிடிக்கும், நான் எடுப்பேன். சேத்து ஓட்டினா அதுவே தூக்குற மாதிரி இருக்கும்."

அவர் மடியில் கிடந்த கையைக் குனிந்து பார்த்தார். "இதுக்கு மார்க் போடுவானுங்களா?" என்றார். போடுவார்கள் என்றேன். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "சரி. வந்து முட்டு" என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேலியில்லாமல் அன்றுதான் கேட்டோம். அம்மா போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

பொம்மனஹள்ளியில் நாங்கள் இருந்தது இரண்டாவது மாடி. வெயில் நகர்ந்தால் படத்தில் வெளிச்சம் மினுக்கும் என்பதால் ஜன்னலைக் கம்பளியால் அடைத்தேன். கல்லூரியில் வாங்கி வந்த கேமராவை முக்காலியில் மாட்டி, அதன் கால்களை டேப் போட்டுத் தரையோடு ஒட்டினேன். ஆனாலும் ஓசூர் ரோட்டில் கனமான லாரி போனால் டம்ளர் லேசாக இடம் மாறிவிடும். அப்பாவுக்குத் தினமும் அதே வெள்ளைச் சட்டை. அம்மா அதைச் சாயங்காலம் துவைத்துப் போட்டு, காலையில் அதே மடிப்பு வரும்படி இஸ்திரி போடுவாள். நகம் வளர்வதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. இன்றைக்கும் அந்தப் படத்தில், டம்ளர் உதட்டுக்குப் போகும் வழியில் நகம் நீண்டு பட்டென்று குட்டையாகும்.

அம்மா ஒரு கையால் அவர் முழங்கையையும் மறு கையால் மணிக்கட்டையும் தாங்குவாள். விரல்களை ஒவ்வொன்றாக விரித்து டம்ளரில் பதிப்பாள். "சும்னே இருங்க, அலுங்காதீங்க" என்பாள், அலுங்க முடியாத கையைப் பார்த்து. நான் பொத்தானை அழுத்துவேன். அவர் திட்டிக்கொண்டே இருப்பார், ஆனால் கையை இழுத்துக்கொள்ள மாட்டார்.

சில நாளிலேயே அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போய், "சீக்கிரம் முடிச்சிடாதடி" என்றாள். எனக்குப் புரிந்தது. படம் முடிந்தால் கையை மறுபடி மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்க்கப் போய்விடுவார். அதனால் தண்ணீர் குடிப்பதைச் சேர்த்தோம். டம்ளரைத் திரும்ப வைப்பதைச் சேர்த்தோம். வாயைத் துடைப்பதையும் சேர்த்தோம். சமர்ப்பிக்கும் நாளை மட்டும் எங்களால் தள்ளிப்போட முடியவில்லை.

கல்லூரியில் ஆசிரியர் பார்த்துவிட்டு, "பிடிக்கிற கை தெரியுதே, கிளீன் பண்ணிடுங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். தாங்கும் கம்பி, குச்சி, கை எல்லாவற்றையும் அழித்துவிடுவது இந்த வேலையின் வழக்கம். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக அம்மாவை அழித்தேன். முதலில் முந்தானை, பிறகு வளையல், பிறகு விரல்கள். வருத்தமெல்லாம் இல்லை. எவர்சில்வர் டம்ளரின் வயிற்றில் வளையல் பிரதிபலித்ததுதான் உயிரை வாங்கியது.

நல்ல மதிப்பெண் வந்தது. கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை வீட்டில் லேப்டாப்பைத் திறந்து போட்டுக் காட்டினேன். திரையில் கை எழுந்தது, டம்ளரைப் பிடித்தது, உதட்டுக்குக் கொண்டு போனது, இறக்கி வைத்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டேன்.

"இது யார் கை?" என்றார்.

"உங்க கைதாம்ப்பா."

"என் கை இப்டி தூக்காது. உங்கம்மா எங்க?"

"அழிச்சாச்சு. தெரியக் கூடாது. அதான் முறை."

"பொல்லாத முறை. அவ இருக்கிறதப் போடு."

எனக்கு எரிச்சலாக வந்தது. கண் எரிய எரியத் துடைத்து வைத்தால், அழுக்கைக் கேட்கிறார். ஆனாலும் பழைய படங்களை வரிசையாக ஓட்டினேன். அதில் அம்மா நடுங்கிக்கொண்டே இருந்தாள். ஒரு முழம் கை எழுவதற்குள் அவள் புடவை பச்சையாகி, ஊதாவாகி, மறுபடி பச்சையானது. வாய் பாதி திறந்து மூடியது. பொட்டு இடம் மாறியது. அவ்வளவு அமளிக்கு நடுவே அப்பாவின் கை மட்டும் நிதானமாக மேலே போனது.

அம்மா கடைசிவரை பார்க்கவில்லை. படம் முடிந்துவிட்டது, கேமராவும் போய்விட்டது, இனி எதைச் சொல்லி அந்தக் கையைப் பிடிப்பது என்ற கவலை அவளுக்கு. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அப்பா முழுவதையும் பார்த்தார்.

"கேமராவ குடுத்துட்டியா?"

"நேத்தே குடுத்தாச்சுப்பா."

தலையாட்டினார். இடது கையால் வலது கையை மடியிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"இந்தா," என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். "இன்னிக்கி இன்னும் எடுக்கலியே. எவ்ளோ நேரம்தான் உக்காந்துகினு இருக்கிறது?"

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.