ஆர்லன் ஹக்கபியின் நாற்பத்திரண்டு விதிகள்

முப்பத்தோராண்டுக் காலம் புல்ஹெட் சிட்டி நகராட்சியின் குடிநீர்க் குழாய்களைத் திறந்தும் மூடியும் உழைத்த ஆர்லன் ஹக்கபியிடம், அந்நகரத்தில் ஒருவரும் எதற்காகவும் யோசனை கேட்டதில்லை. தண்ணீர் வந்தால் அவரை யாரும் நினைப்பதில்லை. வராவிட்டால் அவரை யாரும் வாழ்த்துவதில்லை. ஆகவே ஓய்வு பெற்ற ஐந்தாம் மாதத்தில், ஒன்பதாயிரம் பேர் செவிசாய்க்கக் காத்திருக்கும் பீடம் ஒன்று கைப்பேசிக்குள் காலியாகக் கிடப்பதைக் கண்டபோது, அவர் அதில் ஏறி அமர்ந்ததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அது 'டியூன் மொனார்க்' டிரெய்லர் உரிமையாளர்களின் இணையக் குழு. அந்த டிரெய்லர் முப்பத்தெட்டடி நீளம். முன்பகுதியில் கட்டில், அடுப்பு, குளியலறை. பின்பகுதியில் மணல்மேட்டில் ஓட்டும் சிறுவண்டிகளை ஏற்றி நிறுத்தும் கொட்டகை. பின்சுவர் முழுவதும் கம்பிவடத்தில் தொங்கிக் கீழே இறங்கும். தரைவரை இறக்கினால் வண்டி ஏறும் சரிவு. பாதியில் நிறுத்தி வேலி பூட்டினால் மாலையில் காற்று வாங்கும் மேடை. வெயில் தணிந்து குளிர்காலம் பிறந்ததும் அரிசோனாக்காரர்கள் இதைக் கிளாமிஸ் மணல்மேடுகளுக்கு இழுத்துச் சென்று, பகலெல்லாம் மணலில் வண்டியோட்டி, பொழுது சாய்ந்ததும் அந்தச் சுவரின் மேல் அமர்ந்து பீர் அருந்துவார்கள். ஆர்லனும் அவர் மனைவி லவர்னும் பதினோரு குளிர்காலங்களை அவ்வாறே கழித்தவர்கள்.

அவர்களுடைய முதல் டியூன் மொனார்க்கின் கூரை ஆறாம் ஆண்டிலேயே பிய்ந்து காற்றோடு போயிற்று. அறிவுடையார் அதற்குப் பிறகு வேறு கம்பெனி பார்த்திருப்பர். ஆர்லன் சில ஆண்டுகள் அதற்குத் தார்ப்பாய் கட்டி ஓட்டிவிட்டு, அதே கம்பெனியின் இன்னும் பெரிய டிரெய்லரை வாங்கினார். 'குறை தெரிந்த தெய்வம், தெரியாத தெய்வத்தைவிட நல்லது' என்பது அவருடைய சமயம். புதியது வீடு வந்த முதல் வாரத்தில் அலமாரிக் கதவுகள் இரண்டு கையோடு வந்தன; சமையல்மேடையின் குழாய், திறந்தவர் திசையெல்லாம் திரும்பிற்று; படுக்கையறைத் தரையில் எங்கிருந்து உதிர்ந்தனவென்று அறியவொண்ணாத பதினான்கு திருகாணிகள் கிடந்தன. ஆர்லன் அனைத்தையும் தம் கையாலேயே சரிசெய்து, படமெடுத்துக் குழுவில் இட்டார். உடைந்ததைச் சரிசெய்தால் அதற்கு அக்குழுவில் பழுதுபார்த்தல் என்று பெயரில்லை. மேம்பாடு என்று பெயர்.

பிறகு அவர் நாற்பத்திரண்டு விதிகளை எழுதினார். புறப்படுமுன் எவையெவற்றை முறுக்க வேண்டும், நின்றபின் எவையெவற்றைத் துடைக்க வேண்டும் என்றெல்லாம் வகுத்த நூல் அது. அதன் உயிர்நாடி பதினேழாம் விதி: 'முப்பது நாளுக்கொரு முறை ஏணியேறிப் பின்சுவரின் மேல்விளிம்பில் சீலண்ட் பசையைச் சோதித்து, தேதியோடு படமெடுத்து வைப்பவனே உரிமையாளன். ஒரு மாதம் தவறினாலும் பழி அவனுடையதே.' குழுவினர் அதைத் தலைப்பில் பொறித்தனர். கம்பெனியே நேரில் வந்து அதன்கீழ் ஒரு சிவப்பு இதயத்தை இட்டுச் சென்றது. ஆர்லன் அந்த இதயத்தை அச்செடுத்துக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினார்.

"நம்ம கல்யாண போட்டோவே அட்டைப்பெட்டில கெடக்கு," என்றார் லவர்ன்.

அதன்பின் குழுவில் எவரேனும் வாய்திறந்து குறை சொன்னால் ஆர்லன் வந்து நிற்பார். யூமா நகரத்துப் பூச்சுவேலைக்காரர் நெஸ்டர் கியூரோஸ், மணல்மேட்டில் ஆண்டுதோறும் அவருக்குப் பக்கத்தில் டிரெய்லர் நிறுத்தும் நண்பர். பின்சுவருக்குள் நீரிறங்கி மரம் ஓட்மீல் கஞ்சியாகிவிட்டது என்று அவர் ஏப்ரலில் எழுதினார். ஆர்லன் அவரை ஒன்பதாயிரம் பேர் முன்னிலையில், 'பதினேழாம் விதியைப் படிக்கத் தெரியாதவர்கள் கூடாரம் வாங்கலாம்' என்று வாழ்த்தினார். நெஸ்டரின் வாரண்டிக் கோரிக்கை செப்டம்பரில் தள்ளுபடியாயிற்று.

செப்டம்பரிலேயே ஒரு புயல்மழைக்கு மறுநாள், ஆர்லன் தம் டிரெய்லரின் பின்சுவரில் சாய்ந்து நின்றவர் கட்டைவிரலை ஊன்றினார். விரல் கணுவரை உள்ளே போயிற்று.

லவர்ன் வந்து பார்த்தார். தம் விரலையும் விட்டுப் பார்த்தார்.

"இதுமேல நாநூறு கிலோ வண்டியை ஏத்தறோம், ஆர்லன். அப்புறம் இதுக்கு இந்தப் பக்கம் நான் தூங்கறேன்."

"சின்ன ஈரம்தான், லவர்ன். ஒரு மேம்பாடு பண்ணிட்டா..."

"அந்த வார்த்தைய என்கிட்ட சொல்லாத. நவம்பர் முப்பதோட வாரண்டி முடியுது. அதுக்குள்ள கம்பெனிக்காரன் புதுச் சுவர் மாட்டணும். இல்லேன்னா டிசம்பர் ஒண்ணாந்தேதி இதை வித்துடறோம். நீ வீட்டுல உக்காந்து எதிர்த்தாப்புல இருக்கற சூப்பர்மார்க்கெட் பார்க்கிங்கை வேடிக்கை பாரு."

லவர்ன் சொன்னால் சொன்னதுதான். பதினோரு குளிர்காலங்களும், இனி வரவேண்டிய அத்தனையும், அழுகிய அந்த ஒற்றைச் சுவரில் தொங்கின. நிந்தித்தோரையெல்லாம் அடித்து விரட்டிய அடியார் இப்போது தாமே சென்று முறையிட வேண்டும். அதுவும் மற்ற அடியார்களுக்குத் தெரியாமல். ஆர்லன் சூப்பர்மார்க்கெட்டின் வெளியே காரில் அமர்ந்து கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தார். தமது அழைப்பு மிகவும் முக்கியமானது என்ற பதிவுக் குரலை நாற்பது நிமிடம் கேட்டார். பிறகு ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"சார், சுவர் மெத்துனு இருக்கா, ஈரமா இருக்கா?"

"ரெண்டும்தாம்மா."

"ஃபாரத்துல ஒண்ணுதான் டிக் பண்ண முடியும் சார்."

"ஈரம்னு போடுங்க."

"ஈரம்னா டீலர்கிட்ட காட்டணும் சார். உங்களுக்குப் பக்கத்துல... ரீனோ."

"அது ஐந்நூறு மைல்மா!"

"அங்க பிப்ரவரில இடம் இருக்கு சார்."

"வாரண்டியே நவம்பர்ல முடியுதே."

"அப்ப சீக்கிரமா காட்டிடுங்க சார்."

ஆறு முறை அழைத்தார்; ஆறு பேர் எடுத்தனர்; ஆறு புகார் எண்கள் கொடுத்தனர். ஓர் எண்ணை மற்றவர் அறியார். இனி ஒரே வழிதான் இருந்தது. நவம்பர் இறுதியில் நாடே விருந்துண்ணும் நன்றிநாள் வாரத்தில் கம்பெனி கிளாமிஸுக்கு ஒரு பெரிய வேனையும் இரண்டு மெக்கானிக்குகளையும் சேவை அதிகாரி ஒருவரையும் அனுப்பி, உரிமையாளர்களின் குறை கேட்பதாக ஒரு திருவிழா நடத்தும். குறையுள்ளோர் விடியலிலேயே மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து வேன் முன் வரிசையில் போட்டுவிட்டு மணலுக்குப் போய்விடுவர். ஆளுக்குப் பதில் நாற்காலி இடம் காக்கும். எவர் நாற்காலி எதுவென்று எல்லாருக்கும் தெரியும். ஆர்லனின் நாற்காலியும் எல்லாருக்கும் தெரியும்.

எனவே அவர் நன்றிநாளான வியாழக்கிழமை பிற்பகல்வரை காத்திருந்தார். கூட்டமெல்லாம் கொதியெண்ணெயில் வான்கோழி பொரிப்பதைச் சூழ்ந்து நின்ற வேளை, நாற்காலியைச் சட்டைக்குள் ஒளிப்பவர்போல் இடுக்கிக்கொண்டு லவர்னோடு வேனை நோக்கி நடந்தார். வரிசையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில் நெஸ்டர் அமர்ந்து தமாலே தின்றுகொண்டிருந்தார்.

"வாய்யா ஆர்லன். யாருக்குச் சிபாரிசு?"

"சும்மா, பசங்க எப்படி வேலை பண்றாங்கன்னு பாத்துட்டுப் போலாம்னு."

"சும்மா பாக்க வந்தவனுக்கு மடக்கு நாற்காலி எதுக்குய்யா?"

"சுவர் மக்கிப்போச்சு, நெஸ்டர்," என்றார் லவர்ன். "விரல் உள்ள போகுது. சொல்ல இவனுக்கு வெக்கம்."

நெஸ்டர் மென்றதை விழுங்கவும் மறந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வழிவிட்டார். "எனக்கு முன்னாடி நீ போ. ஒருதடவ தள்ளுபடியானவன் நான், எனக்கென்ன அவசரம்? இதைப் பாக்க நான் காசே குடுப்பேன்."

சேவை அதிகாரியின் பெயர் பெய்ஜ். கம்பெனியின் தலைமையகம் உள்ள இந்தியானாவிலிருந்து வந்தவர், மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. ஆர்லனின் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"ஆர்லன் ஹக்கபியா! சார், உங்க விதிகளை வச்சுதான் எங்க ஆபீஸ்ல புதுசா சேர்றவங்களுக்குப் பாடமே நடத்தறோம்!"

ஆர்லனின் நெஞ்சு இரண்டங்குலம் உயர்ந்தது. பெய்ஜ் டிரெய்லருக்கு வந்து, சுவரில் ஈரம் காட்டும் கருவியைக் குத்தினார். முள் கடைசிக் கோட்டைத் தாண்டி அங்கேயே நின்றது. அவர் வருத்தத்தோடு தலையசைத்துவிட்டுத் தம் பலகைக் கணினியைத் திறந்தார்.

"மேல்விளிம்பு படங்கள் குடுங்க சார். மாசத்துக்கு ஒண்ணு, தேதியோட."

"ஏம்மா, அது..."

"பதினேழாம் விதி சார். மே மாசத்துலேர்ந்து கோரிக்கை ஃபாரத்துலயே சேத்துட்டோம்."

ஆர்லனிடம் ஏழு படங்கள் இருந்தன. ஜூனும் ஜூலையும் ஆகஸ்டும் இல்லை.

"ஜூலைல நூத்திப் பதினெட்டு டிகிரிம்மா. அந்த ஏணியத் தொட்டா தோலே வந்துடும்."

"'வெயிலும் மழையும் சாக்கு ஆகாது'ன்னு நீங்களே பதினெட்டாம் விதியில எழுதியிருக்கீங்களே சார்."

"நான் எழுதினதும்மா அது! நானே மாத்தறேன்!"

"ஐயோ, மாத்திடாதீங்க சார். அதை வச்சு இதுவரைக்கும் இருநூத்திப் பத்து பேருக்கு இல்லேன்னு சொல்லியிருக்கோம்."

பின்னால் நின்ற நெஸ்டர், "அதுல ஒருத்தன் நான்," என்று கையுயர்த்தி வணங்கினார்.

தாம் கட்டிய கோட்டையின் வாயில் தமக்கே அடைபட்டதைக் கண்ட ஆர்லனுக்கு முதன்முதலாகச் சினம் மூண்டது. கைப்பேசியை எடுத்துச் சுவருக்கு எதிரே நீட்டினார். "சரிம்மா. இந்தச் சுவர்ல என் விரலை விட்டுப் படமெடுக்கறேன். ஒம்பதாயிரம் பேர் பாக்கட்டும்."

பெய்ஜின் உரிந்த மூக்கும் வெளுத்தது. "ஒரே நிமிஷம் சார்," என்று வேனுக்குள் ஓடினார். நாடே விருந்துண்ணும் அந்த விடுமுறை நாளில், நாற்பது நிமிடம் காத்திருக்க வைக்காமல், இந்தியானா உடனே போனை எடுத்தது. நான்கு நிமிடத்தில் அவர் ஒரு தாளோடு திரும்பினார்.

புதிய சுவர் வேனிலேயே இருக்கிறது. சனிக்கிழமைக்குள் மாட்டப்படும். அது வாரண்டிப்படி அல்ல, கம்பெனியின் நல்லெண்ணம். அதற்கு ஈடாக, அடுத்த ஐந்தாண்டுகள் ஆர்லன் ஹக்கபி டியூன் மொனார்க்கைப் பற்றி நிறையோ குறையோ எழுத்தாலும் வாயாலும் எவரிடமும் கூறலாகாது.

ஆர்லன் அதை இரண்டு முறை படித்தார். அவர் வாழ்நாளில் அவர் பேச்சைக் கேட்டவர்கள் அந்த ஒன்பதாயிரம் பேர்தாம்.

"நெஸ்டருக்கு?" என்றார் மெல்ல.

பெய்ஜ் நெஸ்டரைப் பார்த்தார். "சாரை எத்தனை பேர் பின்தொடர்றாங்க?"

"பதினேழு," என்றார் நெஸ்டர். "அதுல மூணு பேரு என் மச்சானுங்க."

"வருந்தறேன் சார்."

ஆர்லன் தாளையும் மணல்மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். மேட்டின் முகட்டில் வண்டிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன.

"கையெழுத்துப் போடு," என்றார் லவர்ன். "எனக்குச் சுவர் வேணும். உன் பேச்சுக்கு அஞ்சு வருஷம் லீவுன்னா அதை நான் இனாமா எடுத்துக்கறேன்."

"போடுய்யா," என்றார் நெஸ்டரும். "நானா இருந்தாலும் போடுவேன். போட்டுட்டு வா, வான்கோழி ஆறுது."

ஆர்லன் கையெழுத்திட்டார். சனிக்கிழமை மாலை புதுச்சுவர் இறங்கி ஏறிற்று.

குழுவில் அவர் குரல் அடங்கியதும் அவர் இறந்துவிட்டார் என்று சிலர் எழுதினர். மூவர் மலர்வளையம் இட்டனர். அவ்வேளையில் நெஸ்டர் தாம் கண்ணால் கண்டதை ஒன்றும் விடாமல் எழுதினார். அதைப் படித்த அடியார்கள் கம்பெனியை வெறுத்தார்களா என்றால், இல்லை. புகழ்ந்தவனுக்குச் சுவர் கிடைக்கும் என்ற ஒரே பாடத்தை அதிலிருந்து பிழிந்தெடுத்தனர். ஒரே வாரத்தில், கூரை ஒழுகியவர்களும் தரை பெயர்ந்தவர்களும் டியூன் மொனார்க்கின் மேல் பாமாலை பாமாலையாகத் தொடுத்துக் குவித்தனர். குழுவுக்குள் புதிதாக நுழைந்த எவரும் அதைக் குற்றமற்ற வாகனம் என்றே எண்ணியிருப்பர். நெஸ்டரை மட்டும், வம்பு கேட்கும் சுவைக்காக, ஆறாயிரம் பேர் பின்தொடர்ந்தனர். ஜனவரியில் இந்தியானா அவரைத் தானே அழைத்தது. பிப்ரவரியில் அவருக்கும் ஒரு சுவர் வந்தது. ஒரு தாளும் வந்தது.

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஆர்லனும் நெஸ்டரும் கிளாமிஸில் ஆர்லனுடைய சுவரின்மேல் பீரோடு அமர்ந்திருந்தபோது, பிளைத் நகரத்துத் தம்பதியர் கையில் விளம்பரத் தாளோடு வந்தனர்.

"ஹக்கபி சார்தானே? நாளைக்கு முன்பணம் கட்டப் போறோம். இந்த டிரெய்லரைப் பத்தி உங்களைவிட யாருக்கும் தெரியாதுன்னாங்க. வாங்கலாமா சார்?"

ஆர்லன் நெஸ்டரைப் பார்த்தார். நெஸ்டர் பீர் புட்டியின் கழுத்துக்குள் பார்த்தார்.

"அவங்க ரெண்டு பேரும் பேச மாட்டாங்க கண்ணுங்களா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. லவர்ன் ஈரக்கையைத் துடைத்தபடி வெளியே வந்து, ஆர்லனை எழுப்பிவிட்டு அவர் நாற்காலியில் அமர்ந்தார். "சுவரு குடுத்து வாயைப் பூட்டிட்டாங்க. ஆனா என்கிட்ட யாரும் எந்தத் தாளும் நீட்டல. என்னை ஒருத்தனும் கணக்குலயே சேக்கல. உக்காருங்க. பூட்டுலேர்ந்து ஆரம்பிக்கட்டுமா, சக்கரத்துலேர்ந்து ஆரம்பிக்கட்டுமா?"

அவர்கள் சக்கரத்திலிருந்து என்றனர். ஓரிடத்தில் லவர்ன் ஒரு திருகின் அளவைத் தவறாகச் சொன்னார். ஆர்லன் திருத்த வாயெடுத்து, பின் உதட்டைக் கடித்துக்கொண்டார். மணல்மேடுகள் சிவந்து, பின் நீலமாகி, முற்றும் மறைந்தன. லவர்னின் குறைப்பட்டியல் அப்போதுதான் குளியலறைவரை வந்திருந்தது.