இடது கைக்கு மட்டும்

தொண்ணூறுகளில் ஆரியசாலை கடைத்தெருவில் ஒரு ஃபேன்சி கடையில் சிவப்பழகு க்ரீம் விற்ற அந்த அக்கா நல்ல கருப்பு. வருகிறவர்களுக்கெல்லாம் தன் இடது புறங்கையில் கொஞ்சம் பிதுக்கித் தேய்த்துக் காட்டுவார். பெண் பார்க்கப் போவதற்கு முன் நானும் அங்கே போய் நின்றேன்.

“இதைப் போட்டா வெளுக்குமா அக்கா?”

அவர் இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டி வைத்தார்.

“பத்து வருஷமா இடது கைக்கு மட்டுந்தான் பூசுகேன். ரெண்டும் ஒரே கருப்புதான், பாத்துக்கிடுங்க. ஆனா வேலை செய்யதும் சோறு திங்கதும் ஒண்ணும் பூசாத இந்த வலது கைதான், கேட்டோ சார். எத்தனை எடுக்கட்டும்?”

வெறுங்கையோடு திரும்பியிருக்க வேண்டும். இரண்டு எடுக்கச் சொன்னேன்.

இன்றும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் என் முகம் தெரிவதில்லை. பூசிப் பூசியும் வெளுக்காத அந்த இடது கைதான் தெரிகிறது.