காலியாக வந்த டப்பா

ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளியிலிருந்து தொடங்குகிறேன். அருவருப்பான தொடக்கம்தான். மூக்கைப் பொத்திக்கொண்டாவது படித்துவிடுங்கள் பிள்ளைகளே. அந்த வாளியை ஓசூரிலிருந்து போச்சம்பள்ளிக்கு உள்ளே இருக்கிற ஒரு கிராமத்துக்குப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனோம். அதில் என் மகள் வாந்தி எடுக்க வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. "வாளிய நீங்களே கொண்டாந்துடணும்" என்று முன்னாலேயே சொல்லிவிட்டிருந்தார்கள்.

அப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு. எங்களுக்கு ஒரே பிள்ளை. நான் முசிறிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன்; பத்தாவதும் ஐடிஐயும்தான் படிப்பு. சிப்காட்டில் வண்டி பாகங்கள் வார்க்கிற ஒரு கம்பெனியில் ஆபரேட்டராக இருந்தேன். என் மனைவி சாமல்பட்டிக்காரி.

ஆடித் தூறல் ஆரம்பித்த சமயத்தில் மகள் மாறத் தொடங்கினாள். முதலில் பாட்டு நின்றது. குளிக்கும்போது பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி பாடுகிறவள் அவள். பிறகு தலையைத் தானே பின்னிக்கொள்வது நின்றது. டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள், படம் கண்ணுக்குள் போகாது. கூப்பிட்டால் ரொம்ப தூரத்திலிருந்து நடந்து வருகிறவள் மாதிரி மெதுவாகத் திரும்புவாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். முகம் ஒடுங்கிப்போய் யூனிஃபார்ம் தொளதொளவென்று தொங்கியது. ஆனால் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன சாப்பாட்டு டப்பா மட்டும் தினமும் வழித்து எடுத்த மாதிரி காலியாகத் திரும்பி வந்தது. "நல்லாத்தானே சாப்பிடுது, அப்புறம் ஏன் இப்படி எளைக்குது?" என்று என் மனைவி அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

எங்களைப் போன்ற தொழிலாளர்களைப் பார்க்கிற டாக்டர் ஒருவரிடம் போனோம். அவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ரத்தம் கம்மி. வயசுப் பொண்ணு, இப்படித்தான் இருக்கும். டானிக் குடிக்கட்டும்" என்றார். அவர் எழுதி முடிப்பதற்குள் அடுத்த ஆள் ஸ்டூலில் பாதி உட்கார்ந்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் கேட்டால், "எல்லாம் சோம்பேறித்தனம் சார். வீட்ல செல்லத்தக் கொறைங்க" என்றார்கள். பக்கத்து வீட்டம்மா சொன்னதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. "ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்" என்றாள், சுண்டலை மென்றுகொண்டே. என் மகளுக்குப் பதினாறு வயது. அவள் அதே அறையில் படுத்திருந்தாள்.

இப்படி ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான் என் மனைவியின் அண்ணன் ஊரிலிருந்து வந்தார். மாந்தோப்பும் கேழ்வரகுக் காடும் உள்ளவர். தங்கச்சி பெண் என்றால் உயிர். அதையும் சொல்லத்தான் வேண்டும். அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"மாப்ள, இது சீக்கு இல்ல. புள்ளைக்கு யாரோ மருந்து வெச்சுட்டாங்க."

இந்த எல்லைப் பக்கத்தில் இப்படி ஒரு நம்பிக்கை உண்டு. வேண்டாதவர்கள் சோற்றிலோ பலகாரத்திலோ எதையோ கலந்து கொடுத்துவிடுவார்களாம். அது வயிற்றில் கட்டியாக ஒட்டிக்கொண்டு ஆளை உருக்குமாம். அதை வாந்தியாக வெளியே எடுக்கவென்று சில வீடுகள் இருக்கின்றன. எல்லைக்கு இந்தப் பக்கம் கேட்டால், மருந்து வைக்கிறவர்கள் கர்நாடகாக்காரர்கள் என்பார்கள். அந்தப் பக்கம் போய்க் கேட்டால், தமிழ்நாட்டுக்காரர்கள் என்பார்கள்.

"பள்ளிக்கூடத்துல யாரு கூட உக்காந்து திங்குது?" என்று கேட்டார் மச்சான்.

மகளுக்கு இருந்தது ஒரே ஒரு தோழி. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அந்தப் பெண்ணின் அம்மா எங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரே தகரக் கொட்டகையில் டிபன் கடை வைத்திருந்தார். எல்லை தாண்டி, கர்நாடகாவில் ஆனேக்கல் பக்கத்துக்காரர்கள், வீட்டில் பேசுவது கன்னடம். இவ்வளவு போதுமாக இருந்தது மச்சானுக்கு.

"சோறு விக்கிறவ. அந்தப் பக்கத்துக்காரி. அவளுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. இதுக்கு மேல என்னாத்துக்கு யோசன?"

என் மனைவி அண்ணனைப் பார்த்து அழுதாள். அடுத்த நாளே வாளியோடு கிளம்பினோம்.

அது ஒரு சாதாரண ஓட்டு வீடு. முற்றத்தில் எங்களுக்கு முன்னால் நிறையப் பேர், ஆளுக்கொரு வாளியோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வெறும் வயிறு. ஒரு அம்மா மோரில் ஏதோ பச்சிலைச் சாற்றைக் கலந்து கொடுத்துக்கொண்டே வந்தார். குடித்த கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகக் கவிழ்ந்தார்கள். எல்லோரும் பார்க்க, ஈ மொய்க்க, பிள்ளைகளும் கிழவர்களும் புதுப்பெண்களும் வாந்தி எடுத்தார்கள். அந்தப் புளித்த வாடை என் சட்டையில் ஏறியது.

என் மகள் குடிக்க மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். மச்சான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். "கண்ண மூடிக் குடிச்சுடு கண்ணு, மாமன் இருக்கறன்." குடித்தாள். வயிற்றில் ஒன்றுமே இல்லாததால் வெறும் மஞ்சள் தண்ணீராக வந்தது. கண்ணீரும் மூக்குமாக வாளி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள்.

பிறகு அந்த அம்மாவின் புருஷன் வந்தார். ஒரு குச்சியால் வாளியைக் கலக்கினார். உள்ளே கைவிட்டு ஒரு கறுப்புக் கட்டியை எடுத்தார். முடி சுற்றிய, பிசுபிசுப்பான கட்டி. அதை இலையில் வைத்துக் கழுவிக் காட்டினார். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அந்த ஆளின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு முன்னால் இருந்தவர்களிடமும் பார்த்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கை முதலில் வேட்டி மடிக்குப் போனது. பிறகுதான் வாளிக்குப் போனது.

"சோத்துல குடுத்திருக்காங்க. சேந்து திங்கறவங்கதான்" என்றார் அவர்.

"நான் சொல்லல?" என்றார் மச்சான். "அந்த டிபன் கடக்காரி பொண்ணுதான்."

அப்போதுதான் என் மகள் பேசினாள். வாரக்கணக்கில் 'ம்', 'இல்ல' தவிர எதுவும் பேசாதவள், வாயைத் துடைத்துக்கொண்டு தெளிவாகச் சொன்னாள்.

"அவ டப்பாவ நான் தொட்டதே இல்ல மாமா. அவதான் என் டப்பாவச் சாப்பிட்டா. எனக்கு எறங்கவே மாட்டேங்குது. மிச்சம் வந்தா அம்மா அழும்னு, நான்தான் அவளத் தெனமும் சாப்பிடச் சொன்னேன்."

காலி டப்பாவின் கதை அதுதான். என் மனைவி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

மச்சான் மட்டும் அசையவில்லை. "பாத்தியா மாப்ள! இந்த நெலமையிலயும் அவளுக்கே பரிஞ்சு பேசுது பாரு. மருந்து அப்படிப் பேச வெக்கிது. வேரு உள்ளயே நிக்குது. இன்னொரு வாட்டி எடுத்துடலாம்."

"மச்சான், அவ ஆக்குனத இவ திங்கல. இவ சோத்தத்தான் அவ தின்னிருக்கா. அப்போ மருந்து வெச்சது யாரு? ஆக்கிப் போட்ட உங்க தங்கச்சியா?"

அவர் வெற்றிலையைத் துப்பினார். "ரொம்பப் படிச்சவனாட்டம் பேசாத மாப்ள" என்றார்.

நான் வாளியைத் தூக்கிப் போய்க் கொல்லையில் கவிழ்த்தேன். அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் மகள் ஜன்னலில் தலை சாய்த்து வந்தாள். அவள் தாவணியிலிருந்து வாடை அடித்தது. அவளை அப்படி நாற வைத்தவர்கள் மேல் எனக்கு வெறுப்பு வந்தது. அந்த முற்றத்தில் நானும் நின்றேன் என்பதால் அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

அதோடு முடியவில்லை. மச்சான் மறுநாள் சாயங்காலம் நேராக டிபன் கடைக்குப் போய், ஷிப்ட் விட்டு வருகிற கூட்டத்துக்கு நடுவில் நின்று கத்தியிருக்கிறார். "பச்சப் புள்ளைக்கு மருந்து வெச்சவ கையில திங்கறீங்களேடா" என்று. அதன் பிறகு தோழியை அவள் அம்மா பெஞ்சு மாறி உட்காரச் சொல்லிவிட்டார். என் மகள் ஒருநாள் பள்ளிக்கூடம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பையைக் கழற்றி வைத்தவள்தான். அதன் பிறகு போகவில்லை. எங்களிடம் சொல்லாததை அவள் சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆளையும் பிடுங்கியாயிற்று.

நான் கடைக்குப் போனேன். வழக்கமாகக் காலியிடம் இல்லாத பெஞ்சில் ஒருவர் இருவர்தான் இருந்தார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்தும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"வாங்க சார். வாளி கொண்டு வரலியா?"

"மன்னிச்சுக்கோம்மா. எங்க மச்சான்…"

"எங்க கை பட்ட சோறு விஷம்னா, உங்க கம்பெனிப் பசங்க பாதிப் பேர் செத்திருக்கணுமே சார்! உப்பு ஜாஸ்தின்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். இந்தப் பேச்சு எதுக்கு? எம் பொண்ணு வீட்ல வந்து கேக்கறா, 'அவ சோத்தத் தின்னது தப்பாம்மா'ன்னு."

அடுப்புக்குப் பின்னால் தட்டு கழுவிக்கொண்டிருந்த அவர் மகள் எழுந்து வந்தாள். கையில் சோப்பு நுரை.

"அங்கிள், அவ தூங்கறதே இல்ல. இன்டர்வெல்ல பாத்ரூம்ல போய் அழுவா. 'நான் இல்லாம இருந்தா எல்லாருக்கும் நிம்மதி'ன்னு ஒருநாள் சொன்னா. எனக்கு பயமாயிடுச்சு. மிஸ் கிட்ட சொன்னேன். 'பரிட்ச பயம், நீ போய் படி'ன்னுட்டாங்க."

பெரியவர்களான நாங்கள் அத்தனை பேர் வாளிக்குள் தேடிக்கொண்டிருந்ததை இந்தச் சிறுபெண் சோப்புக் கையோடு சொல்கிறாள்.

அந்த அம்மா அடுப்பைத் தணித்தார். "என் தங்கச்சிக்கு இப்படித்தான் இருந்திச்சு, பிள்ள பொறந்தப்பறம். பெங்களூர்ல மனசுக்குப் பாக்கற டாக்டர் கிட்ட காட்டினோம். இப்போ நல்லா இருக்கா." என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்: "நானே கூட்டிட்டுப் போறேன். உங்களுக்காக இல்ல, அந்தப் பொண்ணுக்காக. அந்த டாக்டர் கன்னடம் பேசுவார், நீங்க முழிப்பீங்க."

மறுநாளே கடையை அடைத்துவிட்டு வந்தார். அத்திப்பள்ளி வழியாகப் பஸ்ஸில் எங்கள் மூன்று பேரோடு அவர்கள் இரண்டு பேர். தோழிகள் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டர் வயதானவர். நாங்கள் அறைக்குள் நுழைந்ததும் என் மனைவி ஆரம்பித்துவிட்டாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். டிபன் கடை அம்மா அவர் சொன்னதைத் தமிழில் சொன்னார்: "எல்லாரும் வெளிய இருக்கணுமாம். பொண்ணு கிட்ட தனியா கேக்கணுமாம்."

டானிக் டாக்டர், பள்ளிக்கூடம், பக்கத்து வீடு, வாளி வைத்த முற்றம் எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். அவளிடம், அவளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒருவரும் ஒரு கேள்வி கேட்டிருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் கதவைத் திறந்தார். கன்னடத்துக்கும் தமிழுக்கும் நடுவில் உதவிக்கு யார் வேண்டும் என்று அவளைக் கேட்டிருக்கிறார். அவள் தோழியைக் கைகாட்டினாள். நாங்கள் பெற்றவர்கள் வெளியே மரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

பிறகு எங்களையும் அழைத்துச் சொன்னார். இதற்குப் பெயர் மனச்சோர்வு. சோம்பேறித்தனம் இல்லை, நடிப்பு இல்லை, யாரும் வைத்ததும் இல்லை. மாத்திரை உண்டு, பேசுவதும் உண்டு, இரண்டும் வேண்டும். உடனே தெரியாது, நாளாகும், நடுவில் நிறுத்தக் கூடாது. அவளைத் தனியாக விடாதீர்கள். சாகிற மாதிரிப் பேசினால் அன்றைக்கே கூட்டி வாருங்கள்.

பிள்ளைகளே, உங்களில் யாருக்காவது மனசு இப்படிக் கல்லாகக் கனத்தால், ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். அவர் காது கொடுக்கவில்லை என்றால் தப்பு உங்களுடையது இல்லை, இன்னொருவரிடம் சொல்லுங்கள். காது கொடுக்கிற ஆள் கிடைக்கும்வரை சொல்லுங்கள். உங்கள் தோழனோ தோழியோ சொன்னால், ரகசியம் என்று பூட்டி வைக்காதீர்கள்.

நாளாகத்தான் செய்தது. ஒருநாள் தேறுவாள், மறுநாள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பாள். மாத்திரை வாயை உலர்த்துகிறது என்று துப்பிவிட்டு, திரும்பப் போட்டுக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போனாள்; தோழி பக்கத்தில் பழைய பெஞ்சு கிடைத்தது. மார்கழிக் குளிரில் ஒரு காலை, குளியலறையிலிருந்து அரை வரிப் பாட்டு வந்து நின்றது. என் மனைவி மாவுக் கையோடு அப்படியே நின்றாள், மூச்சு விட்டால் ஓடிப்போய்விடுமோ என்பது போல.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் மச்சான் கரும்புக் கட்டோடு வந்தார். மகளைப் பார்த்தார். "பாத்தியா, அன்னிக்கு எடுத்ததுல வேரோட போச்சு! நான் போற எடத்துல எல்லாம் சொல்றன். நாலு புள்ளைங்கள அங்க அனுப்பியும் வெச்சன்."

அதைக் கேட்டபோது அந்தப் புளித்த வாடை என் மூக்கில் மறுபடி ஏறியது. நாலு பிள்ளைகள். நாலு வாளிகள். எவ்வளவோ சொன்னேன்; அவர் சிரித்தார். கடைசியில், "வாங்க மச்சான், டிபன் சாப்பிடப் போலாம்" என்று எல்லோரையும் அந்தத் தகரக் கொட்டகைக்கு அழைத்துக்கொண்டு போனேன். ஷிப்ட் விடுகிற நேரம் பார்த்துத்தான் போனேன்.

மச்சான் உள்ளே வரவில்லை. "அவ கையில நான் திம்பனா?" என்று மேல் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு ரோட்டோரமாக நின்றார். கம்பெனிக் கூட்டம் எங்களைப் பார்த்தது. நானும் என் மனைவியும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முன் பெஞ்சில் உட்கார்ந்தோம். அந்த அம்மா தோசை வைத்தார்.

மகள் மெதுவாகத் தின்றாள். பாதியில் கை நின்றது. பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த தோழி, பழக்க தோஷத்தில், மீதியை எடுக்கக் கையை நீட்டினாள்.

என் மகள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஏய், கைய எடுடி. இது என்னுது."