துண்டால் வாயைக் கட்டிய முதலாளி

அன்றைக்குக் கொட்டகையில் நாங்கள் நான்கு பேர்தான்: முதலாளி, வாழவந்தியிலிருந்து வேலைக்கு வரும் அக்கா, ஜீப் டிரைவர், எட்டாவதோடு படிப்பை விட்ட நான்.

முதலாளி ஒல்லியான ஆள், குரல் மட்டும் பெரிது. மிளகு வியாபாரத்தில் அந்தக் குரலை வைத்துத்தான் இத்தனை வருஷமும் ஆட்களை நடத்தினார். அறுபது வயதுக்கு மேல், காப்பிக்கொட்டை வறுத்து விற்கும் தொழிலுக்கு மாறினார். முதல் மூட்டை கருகிவிட்டது. இன்றைக்கும் கருகினால் வறுக்கும் மெஷினை விற்றுவிடுவேன் என்று சொல்லியிருந்தார். மெஷின் போனால் என் வேலையும் போய்விடும்.

“ஏஞ்சாமி கருகுது?” என்று என்னிடம் கத்தினார்.

“கொட்டை வெடிக்கற சத்தத்த வெச்சுத்தான் எறக்கோணுமுங்க. நீங்க போடற சத்தத்துல அது கேக்கறதே இல்லீங்க.”

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. அக்கா தலையைக் குனிந்துகொண்டார். முதலாளி தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

“ஏனுங்க முதலாளி, பல்லு வலிங்களா?” என்றார் டிரைவர்.

முதலாளி கொட்டையை மெஷினில் போட்டார். மெஷின் மட்டும் சுற்றியது. காய்ந்த சுள்ளி முறிவதுபோல கொட்டைகள் வெடிக்கத் தொடங்கின. அவர் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

“இப்ப எறக்குங்க!” என்றேன்.

அவரே ஓடிப்போய் மூடியைத் திறந்தார். கொட்டைகள் பொன்பழுப்பாகக் கொட்டின.

துண்டை அவிழ்த்ததும் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். “அடுத்த மூட்டைய எடுக்கலாமா சாமி?” என்று கேட்டார். பக்கத்தில் நின்ற எனக்கே அது பாதிதான் கேட்டது.